கெளுத்தியும் அரை ஜாடிச் சட்டமும்

1

கும்மிடிப்பூண்டி படிப்பகத்து நண்பர்களுக்கு வணக்கம்.

உங்கள் கையெழுத்துப் பத்திரிகைக்கு நான் வெளிநாட்டு வாழ்க்கை பற்றி எழுதுவேன் என்று என் அண்ணன் தாவீது உங்களிடம் வாக்குக் கொடுத்து ஒரு வருடம் ஆகிறது. கடிதத்துக்குக் கடிதம் நச்சரிக்கிறார். அண்ணன் பேசுவது போலவே எழுதுவார். "பனி எப்பிடி கீதுன்னு எயுது. ராணிய பாத்தியான்னு எல்லாரும் கேக்கறாங்கோ, அதயும் எயுது" என்று போன மாதம் எழுதியிருந்தார். சரி. பனி முதல் நாள் அழகாக இருக்கும், மூன்றாம் நாள் சேறாக இருக்கும். ராணியைப் பார்க்கவில்லை. அந்த இரண்டு கேள்விகளும் முடிந்தன.

இந்த மாதத்தோடு நான் இங்கிலாந்துக்கு வந்து பத்து வருடம். அறுபத்தெட்டில் கையில் ஒரு பெட்டியும் வேலைச் சீட்டும் இரண்டு வயதுக் குழந்தையுமாக வந்து இறங்கினேன். கணவர் எனக்கு முன்பே வந்து பேருந்துப் பணிமனையில் வேலைக்குச் சேர்ந்திருந்தார். பத்து வருடம் என்பதால் கொஞ்சம் இனிப்பாக ஏதாவது எழுதலாம் என்றுதான் நினைத்திருந்தேன். போன வாரம் அண்ணனிடமிருந்து இன்னொரு கடிதம் வந்தது. அதைப் படித்த பிறகு இனிப்பு எழுத வரவில்லை.

விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஐந்து வருடத்துக்கு முன்னால் நான் என் அண்ணனிடம் ஒரு பொய் சொன்னேன். அவர் அதை இன்றுவரை நம்புகிறார். நம்புவதோடு விட்டால் பரவாயில்லை, பார்க்கிறவர்களிடம் எல்லாம் சொல்லியும் வைத்திருக்கிறார். உங்களில் பாதிப் பேர் கேட்டிருப்பீர்கள். அதை அவரும் நீங்களும் சேர்ந்து படிக்கிற இந்தப் பத்திரிகையிலேயே திருத்திவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். ஆனால் என் வேலை என்னவென்று தெரியாமல் அந்தப் பொய் உங்களுக்குப் புரியாது. அதனால் கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

2

என்னைப் பற்றி அண்ணன் உங்களிடம் என்ன சொல்லியிருக்கிறாரோ, பயமாக இருக்கிறது. கொஞ்ச காலம் டாக்டர் என்று சொல்லிக்கொண்டு திரிந்தார். நான் டாக்டர் இல்லை. மெட்ராசில் மிஷன் ஆஸ்பத்திரி ஒன்றில் ரத்தமும் சிறுநீரும் சோதித்துக்கொண்டிருந்தவள். இங்கே ஒரு பல்கலைக்கழகத்தில், ஒரு பேராசிரியரின் ஆய்வுக்கூடத்தில் உதவியாளர். காலை எட்டரைக்குப் போய்ச் சாயங்காலம் ஐந்தரைக்கு வருகிறேன். நடுவில் கண்ணாடிக் குழாய் கழுவுவதும் உண்டு.

அங்கே நடப்பது என்னவென்றால், உயிரினங்களில் எது எதற்கு எவ்வளவு நெருங்கிய சொந்தம், எது எப்போது எதிலிருந்து பிரிந்தது என்று கண்டுபிடிப்பது. முன்பெல்லாம் எலும்பையும் செதிலையும் பல்லையும் பார்த்துத்தான் சொன்னார்கள். ஆனால் உருவம் ஏமாற்றும். பழவேற்காட்டு ஏகாம்பரம் அண்ணனைக் கேட்டால் சொல்வார்: ஓங்கில், அதாவது டால்பின், பார்ப்பதற்கு மீன்தான், ஆனால் குட்டிக்குப் பால் கொடுக்கும். இந்த ஏகாம்பரம் அண்ணன் ஏரியில் மீன் பிடிப்பவர், எண்ணூர்ப் பக்கம் கட்டட வேலைக்குப் போன காலத்தில் என் அண்ணனுக்குச் சிநேகிதரானவர். இருபது வருடத்துக்கு மேலான பழக்கம். கதையில் அவரும் வருகிறார்.

உருவத்தை நம்பாமல் வேறு எதை நம்புவது? உடம்புக்குள்ளே இருக்கிற ஒன்றை. மூச்சு விடுகிற எல்லா உயிரிலும் சைட்டோகுரோம் என்று ஒரு புரதம் இருக்கிறது. நூறு சொச்சம் மணிகள் கோத்த மாலை என்று வைத்துக்கொள்ளுங்கள். மணிகள் இருபது வகை. எந்த இடத்தில் எந்த மணி வரவேண்டும் என்று அந்த உயிரின் மரபணு சொல்கிறது. மரபணுவையே நேராகப் படிக்கிற வித்தை இப்போதுதான் பிறந்திருக்கிறது, எங்கள் ஆய்வுக்கூடம் வரை இன்னும் வரவில்லை. நாங்கள் மாலையைப் படித்து மரபணுவை ஊகிக்கிறோம். மனிதனுக்கும் குதிரைக்கும் அந்த மாலையில் பன்னிரண்டு இடங்கள் வேறு. மனிதனுக்கும் ஒருவகைக் குரங்குக்கும் ஒரே ஓர் இடம்.

இதிலிருந்து சொந்தம் எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். உங்கள் பத்திரிகையையே எடுத்துக்கொள்ளுங்கள். அண்ணன் சொல்லியிருக்கிறார்: ஒருவர் எழுதிய பிரதியைப் பார்த்து இன்னொருவர் எழுதுகிறார், அதைப் பார்த்து அத்திப்பட்டில் ஒருவர் எழுதிக்கொள்கிறார். முதல் ஆள் ஒரு வரியை விட்டுவிட்டால் அவரைப் பார்த்து எழுதிய எல்லாப் பிரதியிலும் அந்த வரி இருக்காது. நாளைக்கு யாராவது எல்லாப் பிரதிகளையும் வரிசையாக வைத்துப் பிழைகளை மட்டும் பார்த்தால் போதும், எது எதைப் பார்த்து எழுதப்பட்டது என்று சொல்லிவிடலாம். உயிரும் தலைமுறை தலைமுறையாக அப்படித்தான் பிரதி எடுக்கப்படுகிறது. நாங்கள் பிழைகளைப் பார்க்கிறோம். ஒவ்வொரு உயிரின் மாலையையும் அட்டைகளில் துளை போட்டுக் கம்ப்யூட்டருக்குக் கொடுத்தால், மிகக் குறைந்த மாற்றங்களோடு எல்லாவற்றையும் இணைக்கிற ஒரு மரத்தை அது போட்டுக் கொடுக்கும். கிளைகள் எங்கே சேர்கின்றனவோ அங்கே பொது மூதாதை.

கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் ஒரு மாலையைப் படிக்க மாதக்கணக்கில் ஆகும். நுனியிலிருந்து ஒவ்வொரு மணியாகக் கழற்றி, அது எந்த மணி என்று பார்த்து, எழுதிவிட்டு, அடுத்ததைக் கழற்ற வேண்டும். கழற்றிய மணி ஒரு தகட்டின் மேல் சிறு புள்ளியாக நகரும். ஊதா விளக்கில் பிடித்தால் அந்தப் புள்ளி மினுங்கும். அது நின்ற இடத்தை வைத்து எந்த மணி என்று சொல்வது என் வேலை. அதில் எனக்குக் கை வந்திருந்தது, அதை நானே சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

3

எழுபத்து மூன்றாம் வருடத் தொடக்கத்தில் பேராசிரியர் என்னைக் கூப்பிட்டு, எங்கள் மரத்தில் மீன்கள் குறைவாக இருக்கின்றன, கெளுத்தி வேண்டும், வெப்பக் கடலோரக் கெளுத்தி, நீ கடற்கரைக்காரிதானே என்றார். நான் கடம்பத்தூர்க்காரி. கடம்பத்தூரில் ரயில் நிலையம் உண்டு, நெல் வயல் உண்டு, கடல் கிடையாது. இங்கே இருப்பவர்களுக்கு இந்தியா என்றால் முழுக்கக் கடற்கரை, நடுவில் ஒரு யானை. ஆனாலும் நான் "ஆமாம் சார்" என்றேன். என் ஒப்பந்தம் அந்த வருடக் கடைசியில் முடிகிறது. புதுப்பிப்பார்களா இல்லையா என்று தெரியாமல் ஒவ்வொரு மாதமும் ஒரு படிவம் நிரப்பிக்கொண்டிருந்தேன். கெளுத்தி கொண்டுவந்தால் நல்லது என்று தோன்றியது.

அண்ணன் அப்போதுதான் வயல் கூலியை விட்டு உங்கள் பக்கம் இரும்புத் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்து கும்மிடிப்பூண்டிக்கே குடி வந்திருந்தார். அவருக்கு எழுதினேன். அரைப் படி பிடிக்கிற கண்ணாடி ஜாடி ஒன்றும், அழுகாமல் காக்கிற ஒரு ரசாயன உப்பும் இங்கிருந்து அனுப்பினேன். கெளுத்தியின் இருதயம் மட்டும் வேண்டும், கருவாடு போடுவது போல இந்த உப்பில் அடுக்கி அனுப்புங்கள், எவ்வளவு கிடைக்கிறதோ அவ்வளவு போதும் என்று எழுதினேன். எவ்வளவு கிடைக்கிறதோ அவ்வளவு என்ற அந்த வார்த்தையை எழுதியபோது என் அண்ணன் யார் என்பதை மறந்துவிட்டேன்.

அவர் ஏகாம்பரம் அண்ணனைப் பிடித்தார். பழவேற்காட்டில் கருவாட்டுக்கு மீன் அறுக்கிற பெண்களிடம் ஏகாம்பரம் அண்ணன் ஒரு சட்டியைக் கொடுத்து, குடலை வீசுகிறபோது இருதயத்தை மட்டும் இதில் போடுங்கள் என்றாராம். "இன்னாத்துக்குன்னு கேட்டு ஒரே சிரிப்பு. சீமையில இத்த துன்றாங்களான்னு கேக்குதுங்கோ" என்று அண்ணன் எழுதினார். ஒரு கெளுத்தியின் இருதயம் புளியங்கொட்டை அளவுதான் இருக்கும். ஆறு வாரம் சேர்த்தார்கள்.

ஜாடி கப்பலில் வந்து சுங்க அலுவலகத்தில் நின்றுவிட்டது. என்னை வரச்சொல்லிக் கடிதம். போனேன். பொருள் என்ன என்று அதிகாரி கேட்டார். பதற்றத்தில் என் ஆங்கிலம் எப்போதும் காலை வாரும். அண்ணன் அனுப்பிய இருதயங்கள் என்று சொல்ல நினைத்து, இவை என் அண்ணனின் இருதயங்கள் என்று சொல்லிவிட்டேன். அந்த மனிதர் எழுந்தே நின்றுவிட்டார். பிறகு பேராசிரியரின் கடிதம், பல்கலைக்கழகத்தின் கடிதம், மூன்று படிவம், இரண்டு முத்திரை. ஜாடியை மடியில் வைத்துக்கொண்டு பேருந்தில் வந்தேன். கழுத்து வரை நிரம்பியிருந்தது. மூடியைத் திறக்கவே கஷ்டமாக இருந்தது. என்ன அண்ணன் இது என்று பெருமையாக இருந்தது.

4

ஐந்து மாதம் படித்தேன். கெளுத்தியின் மாலை ஒரு காகிதப் பட்டையில் மணிக்கு ஓர் எழுத்தாக நீண்டது. என் மேசைக்கு எதிர்ச் சுவரில் ஒவ்வொரு உயிருக்கும் ஒரு பட்டை ஒட்டியிருப்பேன். மனிதன், குதிரை, கோழி, சூரை, மடவை. மடவை இங்கே மீன்கடையிலேயே கிடைத்ததால் அதை முன்பே முடித்திருந்தோம்.

ஒன்பது இடங்களில் எனக்குத் தகராறு வந்தது. ஒரு புள்ளி மினுங்க வேண்டிய இடத்தில் இரண்டு மினுங்கின. ஒன்று கொஞ்சம் பிரகாசமாக, இன்னொன்று மங்கலாக. சில இடத்தில் இரண்டும் ஒரே மாதிரி. தகடு சரியாகக் கழுவாவிட்டால் அப்படி வருவதுண்டு. நான் மறுபடி செய்தேன், மறுபடியும் அப்படியே வந்தது. கடைசியில் பிரகாசமானதை மையில் எழுதினேன். மங்கலானதை நோட்டின் ஓரத்தில் பென்சிலில் எழுதி வைத்தேன். சுத்தப் பிரதி எடுத்துப் பேராசிரியரிடம் கொடுத்தபோது பென்சில் எழுத்துகள் அதில் இல்லை. வேண்டுமென்றே மறைத்தேனா என்றால், இல்லை. சொல்லியிருக்க வேண்டுமா என்றால், ஆமாம். ஒப்பந்தம் முடிய இரண்டு மாதம்தான் இருந்தது. சந்தேகத்தோடு போய் நிற்க எனக்குப் பிடிக்கவில்லை.

கம்ப்யூட்டர் மரத்தைப் போட்டுக் கொடுத்தது. அதில் கெளுத்தி மடவைக்குப் பக்கத்தில், ஒரே கிளையில் தோளோடு தோளாக உட்கார்ந்திருந்தது. புத்தகங்களின்படி கெளுத்தி அதற்கு வெகு முன்னாலேயே தனியாகப் பிரிந்த இனம். மீசை வேறு, செதில் வேறு, எலும்பு வேறு. பேராசிரியருக்குத் தலைகால் புரியவில்லை. நூறு வருடமாக எலும்பை வைத்துச் சொன்னது தப்பு, நம்மிடம் ஆதாரம் இருக்கிறது என்று அறைக்குள் நடந்தார். கட்டுரை எழுத ஆரம்பித்துவிட்டார். ஆசிரியர் பெயர்களில் என் பெயரும் வரும் என்றார். மூன்று வருட ஒப்பந்தத்துக்கு எழுதிவிட்டேன் என்றும் சொன்னார்.

அன்று வீட்டுக்கு வந்து நான் கேசரி கிளறினேன். ரவை இங்கே வேறு மாதிரி, கட்டி கட்டியாக வந்தது. என் மகள் ஷீலாவுக்கு அப்போது ஏழு வயது. தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்கிற பழக்கம் அப்போதே வந்துவிட்டது. உன் அம்மா பெயர் அச்சில் வரப்போகிறது என்றேன். தட்டைத் தள்ளிவிட்டு, இதில் ஏன் கட்டி இருக்கிறது என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

அண்ணனுக்கு உடனே எழுதினேன். உங்கள் ஜாடியால்தான் எல்லாம், பெரிய விஷயம் கண்டுபிடித்திருக்கிறோம் என்று.

5

மூன்று வாரத்தில் பதில் வந்தது. நீல நிற விமானத் தபால். ஆய்வுக்கூடத்துக்கு எடுத்துப்போய் மதியச் சாப்பாட்டின்போது படித்தேன். அந்த வரிகளை மனப்பாடமாகச் சொல்வேன்.

"நீ எயுதினத ஏகாம்பரத்துக்கு படிச்சி காட்டினேன். ரெண்டு பேருக்கும் கண்ணுல தண்ணி வந்துட்ச்சி. உண்மைய சொல்றேன் தங்கச்சி, ஜாடி ரொம்பாது போலன்னு நான் பேஜாராயிட்டேன். கெளுத்தி அந்த மாசம் சரியா படல. பாதி ஜாடிதான் ஆச்சி. கூடப்பொறந்தவ ஊட்டுக்கு பாதி ஜாடி அனுப்பிச்சா நாலு பேரு இன்னா சொல்லுவான்? அப்புறம் ஏகாம்பரம்தான் மடவை இருதயம் போட்டு மேல ரொப்பிட்டான். நல்ல பெரிய மடவை. உனுக்கு கொற வெக்கல."

படித்துவிட்டு ரொட்டியைக் கீழே வைத்தேன்.

உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. நம் பக்கத்தில் அண்ணன் வீட்டிலிருந்து தங்கை வீட்டுக்கு எது போனாலும் தளும்பத் தளும்பப் போக வேண்டும். சர்ச்சுக்குப் போகிறவர்களானாலும் நாங்களும் அதை விட்டதில்லை. ஒரு பொங்கலுக்கு என் புகுந்த வீட்டுக்கு அரிசி கொண்டுவந்தபோது குண்டானில் நாலு விரல் குறைந்தது. அண்ணன் வழியில் கேழ்வரகு வாங்கி மேலே கொட்டி நிரப்பிக்கொண்டு வந்தார். என் மாமியார் அரிசியையும் கேழ்வரகையும் பிரிக்க இரண்டு நாள் முறத்தோடு உட்கார்ந்திருந்தார். நான் சிரித்துக்கொண்டே இருந்தேன். இப்போது சிரிப்பு வரவில்லை.

நோட்டை எடுத்தேன். ஒன்பது இடம். சுவரில் இருந்த மடவைப் பட்டையைக் கழற்றி மேசையில் வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். ஒன்பது இடத்திலும், மையில் இருந்ததோ பென்சிலில் இருந்ததோ, இரண்டில் ஒன்று மடவையின் எழுத்து. நான் ஐந்து மாதம் படித்தது ஒரு மீனை அல்ல. இரண்டு மீனைக் கலந்து படித்து, அங்கொன்றும் இங்கொன்றுமாக எடுத்து, உலகத்தில் இல்லாத ஒரு மூன்றாவது மீனை எழுதியிருக்கிறேன். அது மடவைக்குச் சொந்தமாக இல்லாமல் வேறு யாருக்குச் சொந்தமாக இருக்கும்?

கட்டுரை தட்டச்சில் இருந்தது. வாய் திறக்காமல் இருந்தால் போய்விடும். இந்தத் தமிழ்க் கடிதத்தைப் படிக்க அந்தக் கட்டடத்தில் ஒருவரும் கிடையாது. ஒரு முழு மதியம் அதை யோசித்தேன், யோசிக்கவில்லை என்று சொன்னால் அதுவும் பொய். ஆனால் அந்த மரத்தைப் பார்த்து நாளைக்கு இன்னொருவன் தன் மீனை அதில் ஒட்டுவான், அவனைப் பார்த்து இன்னொருவன். உங்கள் அத்திப்பட்டுப் பிரதி போலத்தான். நாலரை மணிக்குப் பேராசிரியர் அறைக்குப் போய் நோட்டையும் இரண்டு பட்டைகளையும் மேசையில் வைத்து, அண்ணன் எழுதியதைச் சொன்னேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி போட்டுக்கொண்டு ஒன்பது இடத்தையும் பார்த்தார். ஜாடி நிரம்பாவிட்டால் என்ன என்று கேட்டார். எங்கள் வழக்கத்தைச் சொன்னேன். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் அது எப்படியும் சரியாக வரவில்லை. அவர் கோபப்படவில்லை. உன் அண்ணன் செய்தது எனக்குப் புரிகிறது, ஆனால் பென்சிலில் எழுதியதை நீ ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று மட்டும் கேட்டார். கட்டுரையைத் தட்டச்சிலிருந்து திரும்ப வாங்கிக்கொண்டார். மூன்று வருட ஒப்பந்தம் ஒரு வருடமாகச் சுருங்கியது. அந்த ஒரு வருடத்துக்குள் கெளுத்தியைச் சரியாகப் படித்து முடிக்க வேண்டும், அதற்குப் பிறகு பார்க்கலாம் என்றார்.

6

இன்னொரு ஜாடி வேண்டும். அண்ணனுக்கு எழுத உட்கார்ந்தேன். பேராசிரியரிடம் கால் மணி நேரத்தில் சொல்ல முடிந்ததை அண்ணனிடம் சொல்ல மூன்று நாள் முயன்றேன். மூன்று கடிதம் எழுதிக் கிழித்தேன். நீங்கள் நிரப்பியதால் என் வேலை போகப் பார்த்தது என்று எந்த வார்த்தையில் எழுதுவது? என் கல்யாணத்தில் சீர்த்தட்டு ஒன்று குறைந்தது என்று யாரோ முணுமுணுத்ததற்கு இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்தவர் அவர். இதைக் கேட்டால் இனி எனக்கு ஒரு புளியங்கொட்டை கூட அனுப்ப மாட்டார் என்று பயந்தேன்.

பொய்யும் எளிதாக இருந்தது, சுங்க அலுவலகம் மனதில் பசுமையாக இருந்தது. நாலாவது கடிதத்தில் எழுதினேன்: "அண்ணா, முதல் ஜாடி ஆராய்ச்சியில் தீர்ந்துவிட்டது. இன்னொன்று வேண்டும். ஆனால் இப்போது இங்கே புதுச் சட்டம் போட்டிருக்கிறார்கள். வெளிநாட்டிலிருந்து வருகிற எந்த ஜாடியும் டப்பாவும் பாதிக்கு மேல் இருக்கக் கூடாது. ஒன்றில் ஒரே வகைதான் இருக்க வேண்டும், இன்னொன்றைக் கலந்தால் தூக்கிக் கடலில் போட்டுவிடுவார்கள்." குறையாக அனுப்புகிறோமே என்று அவர் வருத்தப்படாமல் இருக்க, குறையாக அனுப்புவதையே சட்டமாக்கிவிட்டேன். அப்போது என் கெட்டிக்காரத்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

அண்ணன் வெள்ளைக்காரனைத் திட்டி ஒரு பக்கம் எழுதினார். "இன்னா ஊரு அது? அண்ணங்காரன் தங்கச்சிக்கு குடுக்கறத கூட அளந்து பாக்கறான். நீ கவலப்படாத, சட்டத்துக்கு கட்டுப்பட்டு அனுப்பறேன்." ஜாடி வந்தது. நடுவில் நூல் கட்டி அளந்ததுபோலச் சரியாகப் பாதி. சுத்தக் கெளுத்தி. ஒரு இடத்தில் கூட இரண்டாவது புள்ளி மினுங்கவில்லை. மரத்தில் கெளுத்தி தன் பழைய இடத்துக்கே, மடவையை விட்டு விலகிப் போய் உட்கார்ந்தது. எலும்பு பார்த்தவர்கள் சொன்னது சரிதான் என்று சின்னக் கட்டுரை ஒன்று வந்தது. பெரிய கண்டுபிடிப்பு எதுவும் இல்லை. கடைசிப் பெயராக என் பெயர் இருந்தது. ஒப்பந்தம் நீண்டது, அப்படியே இன்றுவரை நீள்கிறது.

பொய்யும் கூடவே நீண்டது. அதை நான் எதிர்பார்க்கவில்லை. அந்தக் கிறிஸ்துமஸுக்கு அண்ணன் பார்சல் அனுப்பினார். ஐந்து டப்பா. மிளகாய்த் தூள் ஒன்றில், புளி ஒன்றில், நெத்திலிக் கருவாடு ஒன்றில், வஞ்சிரக் கருவாடு ஒன்றில், முறுக்கு ஒன்றில். எல்லாம் சரியாகப் பாதி. வழியெல்லாம் குலுங்கி முறுக்கு மாவாகியிருந்தது. "பாதிதான் கீது, சட்டம் அப்பிடி, மன்ச்சிக்க" என்று ஒரு துண்டுக் காகிதம். ஐந்து வருடமாக வருடத்துக்கு இரண்டு பார்சல், ஒவ்வொன்றிலும் அந்தத் துண்டுக் காகிதம். ஷீலாவுக்கு இப்போது பன்னிரண்டு. கருவாட்டு வாசனைக்கு ஜன்னலைத் திறந்துவைக்கிற பெண். மாமா ஏன் எல்லாம் பாதி அனுப்புகிறார் என்று போன வருடம் கேட்டாள். பாதிதான் சாப்பிடுவோம் என்று அவருக்குத் தெரியும் என்றேன். அவளுக்கும் ஒரு பொய் ஆயிற்று.

7

போன வாரக் கடிதத்துக்கு வருகிறேன்.

ஏகாம்பரம் அண்ணனின் தம்பி மகன் கப்பலில் வேலைக்குச் சேர்ந்து லண்டன் துறைமுகம் வரை வந்துபோயிருக்கிறான். ஊருக்குத் திரும்பியவன், அப்படி ஒரு சட்டமே கிடையாது, மூட்டை மூட்டையாகக் கொண்டுபோகிறார்கள் என்று சொல்லியிருக்கிறான். ஏகாம்பரம் அண்ணன் அதைக் கும்மிடிப்பூண்டி டீக்கடையில் பத்துப் பேர் நடுவில் சொல்லியிருக்கிறார். உங்களில் சிலர் அங்கே இருந்திருப்பீர்கள். அண்ணன் எழுதியதை அப்படியே தருகிறேன்:

"ஏகாம்பரம் இன்னா சொன்னான் தெரியுமா? உன் தங்கச்சி உன் காதுல பூ சுத்திக்கினு கீதுன்னு சொல்லிட்டான். எனுக்கு வந்துச்சே கோவம். என் தங்கச்சி பொய் சொல்ல மாட்டாடான்னு சட்டைய புட்சிட்டேன். அவன் மீன் கூடை கவுந்துட்ச்சி. நாலு மாசமா அவன் ஊட்டு பக்கம் போவல. அவன் சின்னது கல்யாணத்துக்கும் போவல. நீ ஒரே ஒரு வரி எயுதி அனுப்பு, சட்டம் கீதுன்னு. அத்த அவன் மூஞ்சிக்கு நேரா காட்டணும்."

இருபது வருடச் சிநேகம். எனக்காக ஆறு வாரம் புளியங்கொட்டை புளியங்கொட்டையாக இருதயம் சேர்த்துக் கொடுத்த மனிதர். அவர் மகள் கல்யாணத்தில் என் அண்ணன் இல்லை. என்னால்.

அண்ணா, இனி உங்களோடு மட்டும் பேசுகிறேன். வீட்டில் பேசுவது போல நீ என்றே எழுதிவிடுகிறேன், படிப்பகத்தார் தவறாக நினைக்க வேண்டாம். தனிக் கடிதமாக எழுதியிருக்கலாம். ஆனால் நீ பத்துப் பேர் நடுவில் எனக்காகச் சட்டையைப் பிடித்தாய். பத்துப் பேர் நடுவில்தான் நான் பதில் சொல்ல வேண்டும்.

நீ கேட்ட ஒரு வரி இதுதான்: அப்படி ஒரு சட்டம் கிடையாது. ஏகாம்பரம் அண்ணன் சொன்னது நிஜம், உன் தங்கை சொன்னது பொய். நீ மடவை போட்டு நிரப்பியதால் என் வேலை கெட்டது என்று உன்னிடம் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. அதற்காகச் சட்டம் போட்டேன். நீ நிரப்பியது தப்பில்லை. நிரப்பாதே என்று முதலிலேயே நான் சொல்லாததும், பென்சிலை மறைத்ததும், பிறகு உன்னிடம் மறைத்ததும்தான் தப்பு.

இந்தப் பிரதியை எடுத்துக்கொண்டு பழவேற்காட்டுக்குப் போ. ஏகாம்பரம் அண்ணனுக்குப் படிக்கத் தெரியாது, நீதான் படித்துக் காட்ட வேண்டும். எனக்குத் தெரியும், இந்த இடம் வரும்போது நீ நிறுத்திவிடுவாய். கொஞ்சம் தண்ணீர் குடித்துவிட்டு மேலே படி. அவர் சிரித்தால் சிரிக்கட்டும். உனக்குக் கோபம் வந்தால் என்னைத் திட்டி எவ்வளவு பக்கம் வேண்டுமானாலும் எழுது. எழுதாமல் மட்டும் இருந்துவிடாதே.